டோஸ்ட் எழுதும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கூட்டாளியின் பேச்சலர் பார்ட்டியில் பேச நீ எழுதி அனுப்பிய டோஸ்டை, அதுதான் அந்த வாழ்த்துப் பேச்சை, படித்தேன். வாட்சாப்பில் பதில் போட்டால் பாதியில் விட்டுவிடுவாய் என்றுதான் இந்தக் கடிதம்.

பேச்சலர் பார்ட்டியெல்லாம் எங்கள் காலத்தில் ஏது? கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வந்து தோரணம் கட்டுவார்கள், விடிய விடிய வெங்காயம் உரிப்பார்கள். கேலி கிண்டல் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். உன் அப்பாவின் கூட்டாளிகள் உரித்த வெங்காயத்தைவிட அடித்த வம்புதான் அதிகம். அதனால் கிண்டலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மாப்பிள்ளையின் அந்தப் பழைய காதல் கதையை எடுத்துவிடு. பத்து பேர் கையில் போன் இருக்கும். நீ பேசி முடித்து உட்காருவதற்குள் அந்த வீடியோ பினாங்குப் பாலத்தைத் தாண்டிச் சுங்கைப்பட்டாணியில் பெண் வீட்டுக்குப் போய்விடும். மாப்பிள்ளையின் மாமியாரும் பார்ப்பார், என் மானமும் சேர்ந்து போகும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். யார் கேட்பது? மூன்று நிமிடத்தில் முடி. முந்நூறு சொல் தாராளம். வாய்விட்டுப் படித்துப் பார், மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டு. "பதினைந்து வருஷப் பழக்கம்", "தங்கமான மனசு", இதெல்லாம் எல்லாரும் எல்லாரைப் பற்றியும் சொல்வதுதான். மலாய்க்கார, சீனக் கூட்டாளிகளும் வருகிறார்கள் என்றாயே, முக்கியமான இடத்தை இரண்டு வரி மலாயிலும் சொல்லிவிடு. குடிக்காதவர்கள் கையில் சிராப் பண்டுங் என்கிற ரோஸ் பாலோ வேறு எதுவோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள், யாரையும் வற்புறுத்தாதே. கடைசி வரி மாப்பிள்ளை பெண் இரண்டு பேரின் பெயரோடு சின்னதாக இருக்கட்டும். அதற்குப் பிறகு சீனப் பையன்கள் கிளாஸைத் தூக்கி "யாம் செங்" என்று வாழ்த்துக் கோஷத்தை இழுக்க ஆரம்பித்தால் உன் குரல் எங்கே கேட்கப் போகிறது!

சரி, நடுவில் என்ன சொல்வது என்று கேட்டாய் அல்லவா? உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, நீ கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டாய். மாநிலம் தாண்டி வர ஜூன் 10 வரை விடவில்லை. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். அப்பாவுக்கோ முட்டிவலி, அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கும் மனசில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெலுத்தோங்கில் நம் வீட்டுக்கு இந்த மாப்பிள்ளைப் பையன்தான் வருவான். லிஃப்டில் ஏற மாட்டான், யார் தொட்டார்களோ என்று ஒன்பது மாடியும் படியில் ஏறி வருவான். அப்பாவின் பிரஷர் மாத்திரை, தோசை மாவு, கீரை எல்லாம் கொண்டுவந்த பையைக் கிரில் கதவில் மாட்டிவிட்டுத் தள்ளிப் போய்ச் சுவரோரம் நிற்பான். மாஸ்க்கெல்லாம் வேர்வையில் நனைந்திருக்கும். நான் பையை எடுத்து, மாத்திரைப் பெயரைச் சத்தமாகப் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இறங்குவான். பில்லைக் கேட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம் ஆண்ட்டி" என்பான். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

"அவன்கிட்ட சொல்லாதீங்க, அங்கே உட்கார்ந்து கவலைப்படுவான்" என்றான். அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். இன்றைக்கு நாடெல்லாம் திறந்து, அவனுக்குக் கல்யாணமும் ஆகப் போகிறது. இனி என்ன ரகசியம்? கட்டிக்கப் போகிறவளுக்கும் அவன் சொல்லியிருக்க மாட்டான், அவன் சுபாவம் அப்படி. அந்த வீடியோ போகிறதென்றால் இதைச் சுமந்துகொண்டு போகட்டும்.

முழுக்கதையும் சொல்லாதே. ஒன்பது மாடி, கிரில் கதவு, மாத்திரைப் பெயர், அவ்வளவு போதும். நல்லவன், வல்லவன் என்று தனியாகப் பட்டம் கொடுக்காதே. முதலில் அவன் பாட்டுப் பாடி எல்லாரையும் கொல்லும் கதையைச் சொல்லிச் சிரிக்க வை, பிறகு இதற்கு வா. ஆண்பிள்ளைகள் கூட்டத்தில் அழுதாலும் தப்பில்லை, ஆனால் பேச்சை நிறுத்திவிடாதே.

இன்னொன்று. பார்ட்டி பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் என்றாய். தஞ்சோங் பூங்கா தாண்டினால் கடலோரச் சாலை முழுக்க வளைவுதான். காரை எடுக்காதே, கிராப் வாடகைக் கார் போட்டுக்கொள். 2020-இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். குடித்து ஓட்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில். மாப்பிள்ளைக்கும் ஒரு கிராப் சொல்லி ஏற்றிவிட்டு, வீடு போய்ச் சேர்ந்தானா என்று போன் போட்டுக் கேள். எத்தனை மணியானாலும் எனக்கும் ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா