தலைவிரிகோலம் போதும்: சிறுகதை இதழாசிரியர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

ஒரு பெண்ணை வீட்டார் வதைக்கிறார்கள், ஒதுக்கிவைக்கிறார்கள். கடைசிப் பத்தியில் அவள் தலையை விரித்துப்போட்டுச் சிரிக்கிறாள். கதை முடிந்தது. இந்த அச்சில் வார்த்த கதைகளை நீங்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறீர்கள். எழுதுபவர்களின் அக்கறையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இடி விழுவதுபோல வந்து விழும் பைத்தியம், வதைத்தவர்களைத் தப்பவிட்டுவிடுகிறது. அவள் எப்படி அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டாள் என்பதுதான் கதை. அதைக் கேட்டு வாங்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892-இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையை இந்தக் கண்ணோடு மறுபடி படியுங்கள். அதில் அடி இல்லை, வசவு இல்லை. கணவன் மருத்துவன், மனைவியைக் கொஞ்சித்தான் பேசுகிறான். அவன் செய்வதெல்லாம் ஒவ்வொன்றாகப் பறிப்பது. ரோஜாக்கள் படர்ந்த கீழறையை அவள் கேட்கிறாள். சன்னலில் கம்பி போட்ட மாடியறை கிடைக்கிறது. உறவினரைப் பார்க்க ஆசைப்படுகிறாள். உடம்புக்கு ஆகாது என்கிறான். எழுதக் கூடாது என்பதால் ஒளித்து எழுதுகிறாள். காலடிச் சத்தம் கேட்டால் நாட்குறிப்பை மறைக்கிறாள். அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கோலம்போட்ட சுவர்த்தாளை மாற்றச் சொன்னால், இன்று அதை மாற்றினால் நாளை கட்டிலை மாற்றச் சொல்வாய், அப்புறம் சன்னல் கம்பியை, அப்புறம் மாடிப்படிக் கதவை என்கிறான். ஒரு மறுப்பு அடுத்த மறுப்புக்கு நியாயமாகிறது.

சுவர்த்தாளும் ஒரே நாளில் அவள் கண்ணுக்குப் பெண்ணாகிவிடுவதில்லை. முதலில் அழுக்கு மஞ்சள், கண்ணை உறுத்தும் கோலம். பிறகு அதில் கண்கள் தெரிகின்றன. சில வெளிச்சத்தில் மட்டும் பின்னால் இன்னொரு உருவம். நிலவொளியில் முன்கோலம் கம்பிகளாகவும் பின்னிருப்பது ஒரு பெண்ணாகவும் மாறுகின்றன. இதற்குள் அவள் இரவுத் தூக்கத்தைத் தொலைத்துப் பகலில் தூங்கத் தொடங்கிவிட்டாள். போகிறபோக்கில் வரும் அந்தத் தகவலை விட்டுவிடாதீர்கள். தூக்கம் புரண்டால் புலன்களும் புரளும் என்பதைக் கில்மன் அறிந்து எழுதியிருக்கிறார். சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவரின் 'ஓய்வுச் சிகிச்சை'யை 1887-இல் அனுபவித்தவர் அவர். வாரக்கணக்கில் படுக்கை, பால், கட்டாய ஊட்டம், உடம்பு பிடித்துவிடுதல், உற்றாரைப் பார்க்கத் தடை: இதுதான் அந்தச் சிகிச்சை. வீட்டுக்கு அனுப்பும்போது, இனி பேனாவையே தொடாதே என்றும் சொல்லியனுப்பினார்கள்.

தனிமை ஆளை என்ன செய்யும் என்பதில் கற்பனைக்கு அதிகம் இடமில்லை. நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பின்றி அடைத்துவைப்பதே தனிமைச் சிறை என்றும், தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது கூடாது என்றும் ஐ.நா.வின் 2015-ஆம் ஆண்டு மண்டேலா விதிகள் சொல்கின்றன. அது கைதிகளுக்கான விதி. நம் கதைகளில் வரும் பெண்கள் வருடக்கணக்கில் அடைந்து கிடக்கிறார்கள். முதலில் போவது நாள் கணக்கு. அப்புறம் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும், தனக்குத்தானே பேச்சு வரும், யாரோ கூப்பிட்டதுபோல இருக்கும். இந்தப் படிகளில் ஒன்றுகூட இல்லாமல் நேராகச் சிரிப்புக்குத் தாவும் கதையைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

அவளை மேடையேற்றாமலே காட்டவும் வழி உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல்லின் 1917-ஆம் ஆண்டுக் கதையில், கணவனைக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் மின்னி ரைட் ஒரு இடத்திலும் நேரில் வருவதில்லை. பாதி துடைத்த மேசை, பாதி கொட்டிய சர்க்கரை, கழுத்து முறிந்த பாட்டுப் பறவை. எல்லாவற்றிலும் மேலாக அந்த ஒட்டுத்துணிப் போர்வை: சீராக வந்த தையல் ஒரு சதுரத்தில் மட்டும் தாறுமாறாகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பதறிப்போய் அதைப் பிரித்துத் திருத்தித் தைக்கிறாள். மனம் எந்த இடத்தில் அறுந்தது என்பது ஊசி போன தடத்தில் இருக்கிறது. விசாரிக்க வந்த ஆண்களுக்கு அது அற்ப விஷயம்.

தாகூர் 1914-இல் எழுதிய 'மனைவியின் கடிதம்' வேறு பக்கம் திருப்புகிறது. அங்கே பைத்தியம் மாப்பிள்ளைக்கு. அவனைச் சகித்துக்கொள்ளச் சொல்லி நெருக்கப்பட்டுத் தீக்குளிப்பவள் அவனுக்குக் கட்டிவைத்த பிந்து. யாருக்குப் பைத்தியம் வந்தாலும் பழி யார் தலையில் விழுகிறது என்று அந்தக் கதை கேட்கிறது.

மருத்துவத் தகவல் தவறினால் கதையோடு போவதில்லை, படிப்பவரையும் பாதிக்கும். பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென வரும் மனப்பிறழ்வு, ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேரும் நோய். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். அதை மாமியார் கொடுமையின் விளைவாக மட்டும் காட்டும் கதை, அப்படி ஒரு பெண் இருக்கும் வீட்டுக்குத் தப்பான வழி சொல்கிறது. ஆழ்ந்த மனச்சோர்வு பெரும்பாலும் சிரிப்பாக வராது; பேச்சு குறையும், சாப்பாடு இறங்காது, விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வரும். ஒரு அதிர்ச்சியில் தெளிந்துவிடுவது கதைகளில் மட்டுமே நடக்கிறது.

உங்கள் பக்கத்திலும் திருத்த வேண்டியவை உண்டு. 500 சொல் வரம்பு வைத்துவிட்டு மனப்பிறழ்வைத் தலைப்பாகக் கொடுக்காதீர்கள். சுவர்த்தாள் போல ஒரே பொருள் மூன்று நான்கு முறை மாறி மாறித் தோன்ற இடம் வேண்டும். ஓவியருக்குக் கடைசிக் காட்சியைச் சொல்லி விரித்த தலையை வரையச் சொல்லாதீர்கள். பூட்டு, சன்னல், தைத்துக்கொண்டிருந்த துணி என்று எதையாவது வரையட்டும்.

கில்மனின் கதையை 'அட்லாண்டிக் மன்த்லி' என்ற அமெரிக்க இதழின் ஆசிரியர் ஹொரேஸ் ஸ்கடர் திருப்பி அனுப்பினார். தன்னை வேதனைப்படுத்திய அளவுக்குப் பிறரையும் வேதனைப்படுத்தினால் தன்னையே மன்னிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்துக்காக ஒரு கதையையும் திருப்பாதீர்கள். வேறு காரணத்துக்காகத் திருப்பினால், சாவி யார் கையில் இருந்தது, அவள் சொன்னதை முதலில் நம்ப மறுத்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கைப்பிரதியின் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். எழுதியவர் மறுபடி எழுதி அனுப்புவார்.

அன்புடன்,
சிறுகதை வாசகர்கள் சிலர்