பிள்ளைகளுக்கு ஒரு நாள் கிண்ணம் போதாது: மலையக உதைபந்தாட்ட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத் தோட்டங்களின் விளையாட்டுக் கழகங்களுக்கும் உதைபந்தாட்ட லீக் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்தி, ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்குப் படிக்கப் போனவன் நான். அங்கே பன்னிரண்டாவது வயதில் ரக்பிப் பந்தைக் கையில் எடுத்தேன். பாடசாலை அணியிலும் பிறகு ஒரு கழகத்தின் இரண்டாம் அணியிலும் ஃபிளாங்கர் எனும் பக்கவாட்டு முன்கள வீரனாக ஆடி, இருபத்தேழாவது வயதில் முழங்கால் தசைநார் அறுந்ததோடு ஆட்டத்தை விட்டேன். ஊருக்குத் திரும்பிய பின்னும் பல ஆண்டுகள் கண்டி நிட்டவெல ரக்பி மைதானத்தில் ஆட்டம் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறிப் போய் வந்த என்னை, கடந்த ஆறு ஆண்டுகளாக தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் எங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்தை விட்டு அசையவிடாமல் பிடித்து வைத்திருப்பது உதைபந்தாட்டம். அந்த ஈடுபாட்டில் பிறந்த ஒரு கோரிக்கையை உங்கள்முன் வைக்கவே இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வெற்றிக்கிண்ணப் போட்டிகள் மட்டும் போதா. வாரந்தோறும் ஆடுகிற லீக் வேண்டும்.

எங்கள் பிரட்டுக்களம் உங்களில் பலருக்குப் பழக்கமான வகையைச் சேர்ந்ததுதான். ஒரு பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம், எதிர்ப் பக்கம் மண்மேடு, மூன்றாம் பக்கம் சறுக்குகிற சரிவும் அதன் கீழே தேயிலையும். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் கானில் விழுந்து, செடிகளுக்குள் புகுந்து, கீழ் ரோட்டில்தான் நிற்கும். அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும் என்பது பிள்ளைகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட சட்டம். அவன் இறங்கி ஏறி வரும்வரை ஆட்டம் நின்றுவிடும். வந்து சேர்ந்ததும் இரண்டு அணியிடமும் ஏச்சு வாங்குவான். ஆகையால் எவரும் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. தரையோடு தள்ளி, பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்து, ஓடி, திரும்ப வாங்கி ஆடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம் இது. ஒரு சனிக்கிழமை, சரளைக் கல்லில் பட்டுத் தாறுமாறாக எழும்பி வந்த பந்தைப் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வெறும் உள்ளங்காலால் அழுத்தி நிறுத்தி, அதே அசைவில் உடம்பைத் திருப்பி, முதுகை ஒட்டி வந்தவனை வெறும் நிலத்தில் நிற்க வைத்துவிட்டுப் போனான். பதினைந்து ஆண்டுகள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவன் நான். காலுக்கு இவ்வளவு அறிவு இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். என் முழுப் பற்றும் இந்த ஆட்டத்தின் பக்கம் சாய்ந்தது அன்றைக்குத்தான்.

ரக்பியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. என்னை மனிதனாக்கிய ஆட்டம் அது. ஆனால் அது மலையகத்துக்கு வந்த வழி வேறு. இலங்கையில் 1879ஆம் ஆண்டு தொடங்கிய முதல் ரக்பிக் கழகத்தின் பெயரே கொழும்பு ஃபுட்போல் கிளப் என்பதாகும். அங்கிருந்து அது வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரோடு மலையேறி, டிக்கோயாவிலும் திம்புளையிலும் ஊவாவிலும் அவர்களுடைய கழகங்களில் வளர்ந்தது. லயத்தில் வளரும் தொழிலாளர் பிள்ளைக்கு அந்த ஆட்டம் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற காட்சியாகவே இருந்தது. இன்றும் அணிக்குப் பதினைந்து பேர், புல்தரை, பல் கவசம், காயம்பட்டால் பார்க்க ஆள் என்று அது கேட்பவற்றை ஒரு தோட்டப் பாடசாலையால் கொடுக்க முடியாது. உதைபந்தாட்டம் கேட்பது ஒரு பந்து. மெலிந்த உடம்பும், ஏற்றத்தில் நடந்தே பழகிய நுரையீரலும், வேகமான காலும் இருக்கிற நம் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் அறியேன். அது இங்கே பரவி வருவதையும் கண்ணால் காண்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் டிவிசனில் பந்தோடு நின்றவர்கள் பெரிய இளைஞர்கள் மட்டுமே. இப்போது எட்டு வயதுப் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் களத்துக்குத்தான் ஓடி வருகிறார்கள்.

இந்த வளர்ச்சியை நாம் எதில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம். திருவிழாக் காலத்திலும் புத்தாண்டையொட்டியும் நடக்கும் அணிக்கு ஏழு பேர் போட்டியொன்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு லொறியில் ஏறினோம். எட்டு மணிக்கு முதல் ஆட்டம். பாதிக்குப் பத்து நிமிடமாக மொத்தம் இருபது நிமிடம். கோல் எதுவும் விழவில்லை. தண்டனை உதையில் தோற்றோம். எட்டரை மணிக்கு எங்கள் போட்டி முடிந்துவிட்டது, லொறியோ மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்பும். அந்தப் பிள்ளைகள் பகல் முழுவதும் மைதானத்து மேட்டில் சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். கழற்றச் சொன்னபோது, "இன்னொரு மேட்ச் தருவாங்களா சேர்?" என்று உதையைத் தவறவிட்டவன் கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பதினாறு அணிகள் கலந்துகொள்ளும், தோற்றால் வெளியேறும் விலகல் முறைப் போட்டியில் எட்டு அணிகள் ஒரேயோர் ஆட்டத்தோடு வீடு திரும்புகின்றன. யாருக்குப் பயிற்சி மிக அதிகமாகத் தேவையோ அவர்களுக்கே ஆட்டம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. அதே எட்டு அணிகளைத் தம் களத்திலும் எதிரணியின் களத்திலுமாக ஒன்றோடொன்று இரண்டு முறை மோதவிட்டால், ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள் கிடைக்கும். தண்டனை உதையைத் தவறவிட்டவனுக்கு அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆட்டம் இருக்கும். கண்டியில் என்னை வளர்த்தது இதுதான். பருவம் தொடங்கினால் வாரம் ஓர் ஆட்டம். தோற்றால் திங்கட்கிழமை பயிற்சியில் அந்தத் தவறையே திருப்பித் திருப்பிச் செய்து திருத்துவோம். பாடசாலை ரக்பியில் நாடே பார்க்கும் பிராட்பி கேடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் அந்தக் கேடயம் ஒரே ஆட்டத்தில் தீர்க்கப்படுவதில்லை. ஒரு கட்டம் கொழும்பிலும் மறு கட்டம் கண்டியிலும் ஆடி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள்.

தேசிய அணியைப் பார்த்தாலும் இதே உண்மைதான் தெரிகிறது. 1995ஆம் ஆண்டு கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்டனை உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அது நுழைந்தபோது நான் வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் அண்மைக்கால அணியின் பலத்தில் பெரும்பங்கு, ஜெர்மனியின் டைனமோ டிரெஸ்டனில் ஆடிய குளோடியோ கம்மர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் ஆடிய ஜேக் ஹிங்கர்ட் போன்று வெளிநாட்டில் வளர்ந்தவர்களுடையது. அவர்களை நான் மனமார வரவேற்கிறேன். சிறு வயது முதல் வாரந்தோறும் லீக் ஆடுகிற நாடுகளில் அவர்களுடைய கால்கள் பழகின. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் பிறந்த காலுக்கும் அந்த வாரங்களைக் கொடுத்துப் பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன்.

இதற்குக் கொழும்பிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபிஃபா இலங்கையைத் தடை செய்து ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. அதே ஆண்டு மே மாதம் உலக ரக்பிச் சபையும் நம் நாட்டை இடைநிறுத்தியது. நான் நேசிக்கும் இரண்டு ஆட்டங்களும் ஒரே ஆண்டில் மேல்மட்டத்தில் முடங்கின. அந்த மாதங்களிலும் பிரட்டுக்களத்தில் பந்து உருண்டுகொண்டுதான் இருந்தது.

நடைமுறைக்கு வருகிறேன். நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் எட்டுத் தோட்டங்கள் ஒரு வட்டம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், அணிக்கு ஏழு பேர். பதினொருவர் ஆட்டத்துக்குக் குறைந்தது 90 மீற்றர் நீளமான களம் வேண்டும். மலையில் அதைத் தேடி அலைவதிலேயே ஆண்டு போய்விடும். ஏழு பேருக்குப் பாடசாலை மைதானமும் பிரட்டுக்களமும் போதும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர்வரை களம் சேறுதான். ஆகவே ஜனவரி முதல் வாரம் தொடங்கினால், தேர்த் திருவிழாவுக்கு ஒரு சனிக்கிழமையை விட்டாலும், 14 வாரங்களும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே முடிந்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர்வரை வெயில். அங்கே அந்த மாதங்களில் நடத்தலாம். நாடு முழுவதற்கும் ஒரே நாட்காட்டி என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, மழையைப் பார்த்துப் பருவம் வகுக்குமாறு வேண்டுகிறேன். செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு நாள் போட்டிக்கு நாம் போடும் பந்தலும் ஒலிபெருக்கியும் ஆளுயரக் கிண்ணமும் எவ்வளவு பணத்தை விழுங்குகின்றன என்பது கழகப் பொருளாளர்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் பந்து வாங்குங்கள்.

ரக்பியிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கச் சொல்வேன். எங்கள் ஆட்டத்தில் மத்தியஸ்தரிடம் பேசும் உரிமை தலைவனுக்கு மட்டுமே. வேறொருவர் வாய் திறந்து வாதாடினால் தண்டனை உதையின் இடம் பத்து மீற்றர் முன்னே நகரும். நம் போட்டிகளில் ஒரு கோல் மறுக்கப்பட்டால் பிள்ளைகளுக்கு முன் பெரியவர்கள் களத்துக்குள் இறங்குகிறார்கள். இளம் மத்தியஸ்தர்கள் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்காததற்கு இதுவே காரணம். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் தலைவன் மட்டுமே மத்தியஸ்தரை அணுகலாம் என்ற முறையைக் கடைப்பிடித்தார்கள். உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சபையும் எல்லா மட்டப் போட்டிகளும் அதை ஏற்கலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. நம் லீக்கில் முதல் நாளிலிருந்தே அது விதியாக இருக்கட்டும்.

பெண்பிள்ளைகளுக்கும் அதே வட்டத்தில், அதே சனிக்கிழமையில் ஆட்டம் இருக்க வேண்டும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் சாதித்துக் காட்டியதை நம் பாடசாலைகளாலும் செய்ய முடியும். எங்கள் களத்தில் சரிவின் ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகத் துணிபவர்களில் இருவர் பெண்பிள்ளைகள்.

எங்கள் வட்டத்துக்கு எட்டில் ஐந்து தோட்டங்கள் வாய்மொழியாக இணங்கியிருக்கின்றன. மேலும் மூன்று தேவை. போட்டி அட்டவணையை எழுதவும், மத்தியஸ்தர்களாக வர விரும்பும் இளைஞர்களுக்கு ஞாயிறுகளில் விதிகளைப் படிப்பிக்கவும், ஆள் இல்லாத நாளில் நானே விசில் பிடிக்கவும் தயாராக இருக்கிறேன். மைதானமும் ஏழு பிள்ளைகளும் இருக்கிற கழகம் எதுவானாலும், ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும், கொப்பியோடு நான் வந்து சேருவேன்.

இப்படிக்கு,
முன்னாள் ரக்பி வீரர் ஒருவர்,
ஹட்டன்.