எந்த மாடு? – ஆங்கிலத் தாள் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். குறுவை அறுப்பு நேரம், பள்ளிக்கூடம் பக்கம் வர உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் கடிதம்.

எட்டாம் வகுப்பின் காலாண்டு ஆங்கிலத் தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. பலருக்கும் ஒரே மாதிரித் தவறில்தான் சிவப்பு மை: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்ற சின்னச் சொற்கள். அன்றைக்கே ஓர் அப்பா தாளோடு வந்து, “ஒத்த எழுத்துக்கெல்லாமா சார் மார்க்க கொறைப்பீங்க?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

‘என் ஊர்’ கட்டுரையில் ஒரு பையன், ‘தி கும்பகோணம் இஸ் நியர் காவேரி’ என்று எழுதியிருந்தான். சரியாகத் தலைகீழ். ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘தி’ வராது; ஆற்றுக்கு வரும். தி காவேரி, தி கொள்ளிடம். கடலுக்கும் அப்படியே. இதற்குக் காரணம் தேட வேண்டாம், மனப்பாடம் செய்தால் போதும்.

அடுத்த வரிதான் விஷயம். ‘மை ஃபாதர் பாட் தி கௌ.’ படித்ததும், ‘எந்த மாடுடா?’ என்று கேட்கத் தோன்றியது. ‘தி’ போட்டால், படிக்கிறவருக்கும் தெரிந்த அந்த மாடு என்று பொருள். எனக்கு அவன் வீட்டு மாட்டைப் பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. முதலில் ‘எ கௌ’ என்று அறிமுகப்படுத்திவிட்டு, அப்புறம் ‘தி கௌ’ என்று பால் கறக்கலாம்.

தமிழில் இந்த வம்பு இல்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இருக்கிறது. ‘அப்பா மாடு வாங்கினார்’ என்றால் ஏதோ ஒரு மாடு. ‘அப்பா மாட்டை வாங்கிவிட்டார்’ என்றால் விலை பேசி வைத்திருந்த அதே மாடு. ஆங்கிலத்தில் ‘தி’ செய்யும் வேலையை இங்கே அந்த ‘ஐ’ செய்துவிடுகிறது. பிள்ளைக்கு இது சின்ன வயதிலேயே தெரியும், தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது.

ஆகவே உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாடு, வண்டி, வாய்க்கால் என்று வரும்போதெல்லாம் “எது?” என்று கேளுங்கள். “ஏதோ ஒண்ணு” என்றால் ‘எ’. “அதான், இப்ப சொன்னேனே” என்றால் ‘தி’. டியூஷனில் பயிற்சித் தாளை நிரப்புவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

‘ஆன்’ எங்கே வரும் என்பது எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைக் கேட்டு. ஓர் ஆடு, ஒரு மாடு என்கிறோமே, அதே கணக்கு: உயிரொலிக்கு முன்னால் ‘ஆன்’, மற்றதற்கு ‘எ’. ‘அவர்’ என்று ஒலிப்பதால் ஒரு மணி நேரத்துக்கு ‘ஆன் அவர்’. முதலில் நிற்கும் எச் ஊமை. யுனிவர்சிட்டி ‘யு’ என்ற ஒலியில் தொடங்குகிறது. ‘ஒரு யானை’ என்கிறோம், ‘ஓர் யானை’ என்பதில்லை. அதுபோல ‘எ யுனிவர்சிட்டி’. நானே கல்லூரி சேரும்வரை இதைத் தப்பாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. படிக்க வரும் பிள்ளை ‘கோஸ் டு ஸ்கூல்’. என்னிடம் சண்டை போட வரும் அப்பாதான் ‘கோஸ் டு தி ஸ்கூல்’. அறுப்பு முடிந்ததும் தாராளமாக வாருங்கள்.

கட்டுரையைத் திருத்தி எழுதித் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். அண்ணன் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்