ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் தம்பி பேசாதது பற்றி

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பு முடிந்த பிறகு நீ அனுப்பிய குரல் பதிவை அம்மா எனக்கும் போட்டுக் காட்டினாள். "தம்பி ரொம்ப மாறிட்டான், ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறான், எந்நேரமும் கூட்டாளிங்கதான்" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாய். போனில் பதில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசினாலும் அவன் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். இணையத் தடையைத் தாண்டுகிற விபிஎன் ஓடுகிற நேரம் பார்த்து அனுப்பிவிடுவேன்.

விஷயம் இதுதான் ஆத்தா. அந்த வாரம் அவனுடைய உயிர்க்கூட்டாளி குடும்பத்தோடு தாய்லாந்துக்குப் போய்விட்டான். உனக்கும் தெரிந்த பையன்தான். கீழே நின்று பால்கனிக் கயிற்றைப் பிடித்து இழுத்து, மேலே மணி அறுந்து விழுகிற மாதிரி அடிப்பானே, அவன். அவனுடைய அண்ணனுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. 2024 பிப்ரவரியில் மியன்மார் ராணுவ ஆட்சி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, அந்த வயதில் ஆண்பிள்ளை இருக்கிற வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டா போவார்கள்? முதல் நாள் இரவுதான் அந்தப் பையனே தம்பியிடம் சொல்லியிருக்கிறான். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறான். தம்பி அதைக் காப்பாற்றினான். எங்களிடமும் சொல்லவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை. நானும் அவனும் கீழேயிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தோம். ஐந்து மாடி. மூன்றாவது மாடியில் இறக்கி வைத்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் போயிட்டான்ப்பா" என்றான். எந்த "அவன்" என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "எப்போ?" என்றேன். "செவ்வாய்க்கிழமை." அவ்வளவுதான் பேச்சு. நான்காவது மாடிக்கு வரும்போது அந்தப் பையன் மொபைல் லெஜண்ட்ஸ் என்கிற போன் விளையாட்டில் எந்த வேடம் எடுத்து ஆடுவான் என்று சொல்ல ஆரம்பித்தான். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் விடாமல் சொன்னான்.

இது நடந்தது சனிக்கிழமை. மறுநாள்தான் நீ கூப்பிட்டாய். ஒரே திரையில் அப்பத்தா, அம்மா, நான், பின்னால் அவன். "ஏண்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க, மார்க் எத்தன, எப்பப் பாத்தாலும் டீக்கடையாமே" என்று வரிசையாகக் கேட்டாய். அப்பத்தா வேறு, "வீடு தங்குறதே இல்ல" என்று எடுத்துக்கொடுத்தார். அவன் "ம்" என்றான், எழுந்து போனான். வேறு என்ன செய்வான்?

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் ரீட் லார்சன் என்கிற உளவியல் அறிஞர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். அவர் செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளை உட்கார வைத்து "உனக்கு யாரைப் பிடிக்கும்" என்று கேட்கவில்லை. கையில் ஒரு பேஜரை, அதாவது அழைப்பு வந்தால் சத்தம் போடுகிற சின்னக் கருவியை, கொடுத்துவிட்டார். நாளில் எப்போது வேண்டுமானாலும் அது சத்தம் போடும். போட்டவுடன் பிள்ளை தான் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், மனசு எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். சிகாகோ பக்கத்துப் பிள்ளைகள் 220 பேரை இப்படிப் பார்த்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதம் குடும்பத்தோடு இருந்த பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் 14 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள் என்று வந்தது.

அப்பத்தாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பார். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. குறைந்துபோனது எல்லாரும் கூடியிருக்கிற நேரம்தான். அம்மாவோடு மட்டும், அப்பாவோடு மட்டும் தனியாக இருக்கிற நேரம் இருந்தபடியே இருந்தது. பத்து வயதிலும் பதினெட்டு வயதிலும் அதில் பெரிய மாற்றமில்லை. பன்னிரண்டு பதின்மூன்றில் வீட்டாரோடு இருக்கும்போது கடுகடுவென்று இருந்த பிள்ளைகள், பள்ளி முடிக்கிற வயதில் மறுபடி இணக்கமாகிறார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த மூன்றாவது மாடிதான் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் "ம்" என்கிறவன் படிக்கட்டில் பேசுகிறான்.

சிகாகோ கணக்கை அப்படியே நம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு அறை இருக்கிற வீடுகள் அவை. நம் வீட்டில் கதவு ஏது, திரைதானே. அதே லார்சனும் சுமன் வர்மாவும் சேர்ந்து இந்தியாவில் சண்டிகரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரிடம் இதே மாதிரி பார்த்தபோது, அங்கே பிள்ளைகள் குடும்பத்தை விட்டு அப்படி விலகவில்லை. பெரும்பாலும் வீட்டாரோடுதான் இருந்தார்கள், அதைச் சுமையாக நினைக்கவும் இல்லை. நாம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறோம் என்று நினைக்கிறேன். தம்பியை அனவ்ரட்டா சாலைக் காளி கோயிலுக்கு எங்களோடு வா என்றால் தலைவலி என்பான். போன மாதம் அன்னதானத்தில் பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறான், கூட இரண்டு பர்மாக்காரப் பையன்கள்! கோயில்மேல் அவனுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எங்களோடு வரிசையில் நடந்து போவதுதான் கஷ்டம்.

நீயும் இதே வயதில் இப்படித்தான் இருந்தாய். தோழி வீட்டிலிருந்து வந்து சோற்றுத்தட்டின் முன்னால் உம்மென்று உட்காருவாய், அவளோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவாய். அம்மாவுக்கு அது தாங்காது. "அவகிட்ட கொட்டுறதுல பாதி நம்மகிட்ட பேசக்கூடாதா" என்பாள். கூட்டாளிகளோடு இருக்கிற நேரத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வுகளும் சொல்கின்றன. அதில் எனக்குப் பொறாமை இல்லை. நான் வீட்டில் பல் துலக்கினாயா, சிம்முக்குப் பணம் போட்டாயா என்று கேட்கிற ஆள். என்னோடு எப்படிச் சிரித்துக்கொண்டே இருப்பான்?

எனக்குக் கவலை வேறு. கூட்டாளி கூட்டாளி என்று சுற்றுகிறான் என்பது போன வருடக் கதை. இப்போது சுற்றக்கூடப் போவதில்லை. தெருவில் சாயங்காலம் ஆறு பேராக வளையம் கட்டிச் சின்லோன் பிரம்புப் பந்தைக் காலால் தட்டுவார்கள், இப்போது ஐந்து பேர். இரண்டு நாள் போனான், அப்புறம் போகவில்லை. திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறான். கொஞ்ச நேரம் தனியாக இருப்பது பிள்ளைக்கு நல்லதுதான், அதை நான் கலைப்பதில்லை. ஆனால் இருக்கிற ஐந்து பேரும் என்றைக்கு யார் கிளம்புவார்களோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. புதிதாக யாரிடமும் நெருங்கப் பயப்படுகிறான். பதினைந்து வயதில் வரக்கூடாத பயம் அது.

அம்மாவுக்கும் இப்போது தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி அவனுக்கு மட்டும் மொஹிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், வாங்கி வந்து வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அவள் வழி அது. நான் செய்வது ஒன்றே ஒன்று, வேலை அலுப்பை வாசலில் விட்டுவிட்டு வரப் பார்க்கிறேன். பெற்றோர் மனநிலை பிள்ளைக்குத் தொற்றுகிற அளவு பிள்ளையுடையது பெற்றோருக்குத் தொற்றுவதில்லையாம், இதையும் அந்த மாதிரி ஆய்வுகளில்தான் படித்தேன். உளுந்து விலை இறங்கிய அன்று என் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். இங்கிருந்து போகிற உளுந்தை இந்தியாவில் வாங்குகிறார்களா இல்லையா என்பதற்கு இவன் என்ன செய்வான்?

உன்னிடம் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு இருக்கட்டும், அது அப்பத்தாவுக்காக. அதில் அவன் தலையைக் காட்டிவிட்டுப் போனால் விட்டுவிடு. வாரத்தின் நடுவில் ஒரு நாள் அவன் நம்பருக்கு நேராகக் கூப்பிடு. இங்கே எட்டு மணி என்றால் உனக்கு ஒன்பதரை, வேலை முடிந்திருக்கும். படிப்பை எடுக்காதே. நான் சொன்னேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, சத்தியத்தை உடைத்துவிட்டோமோ என்று குமைவான். உன் கதையைச் சொல். நீ சிங்கப்பூர் போன புதிதில் யாரும் பேச்சுத்துணை இல்லாமல் எம்ஆர்டி ரயிலில் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பி வந்ததாக ஒருமுறை அம்மாவிடம் சொன்னாயே, அதை அவன் கேட்டதில்லை. அந்த மொபைல் லெஜண்ட்ஸை உனக்கும் சொல்லித்தரச் சொல். தோற்றுப்போ, பரவாயில்லை. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் கூப்பிடு.

அந்தப் பையன் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் இருக்கிறானாம், இன்னும் போன் வாங்கவில்லை. வாங்கியதும் தம்பிக்குத் தகவல் வரும் என்று நினைக்கிறேன். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்கு நீ வருவாயா என்று அவன் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டான், இதையும் நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

அவனுடைய பழைய சிம் போய்விட்டது, புது நம்பரை அம்மா அனுப்புவாள். அப்பத்தாவுக்குக் கோடாலித் தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் இரண்டு புட்டி கொடுத்துவிடு. பெரிய புட்டியாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா