தொப்பிக்காரம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெல்லா அப்சுக் அவர்களுக்கு,

அமெரிக்க வக்கீல், அரசியல்வாதி என்று உங்கள் பெயரை எடுத்தாலே எல்லோரும் தொப்பியில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் தப்பவில்லை, தலைப்பைப் பாருங்கள். நியூயார்க்கில் இளம் வக்கீலாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய நாளில், 'உட்காருங்கள், வக்கீல் வரட்டும்' என்று உங்களிடமே சொல்வார்களாம். உங்களைக் காரியதரிசி என்று நினைத்துக்கொண்டு! தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு போனால் அந்தத் தொல்லை இல்லை என்று கண்டுகொண்டீர்கள். கையுறை சீக்கிரமே போய்விட்டது, தொப்பி கடைசிவரை நின்றது.

என் மனதில் நிற்பது தொப்பி இல்லை, அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர பஸ் நிலையம்.

வில்லி மெக்கீ என்ற கறுப்பின இளைஞர். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக 1945இல் வழக்கு. முதல் விசாரணையில் ஜூரிகள் மூன்று நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாமல் குற்றவாளி என்றார்கள். அப்பீலுக்கு நீங்கள் போனீர்கள், அதுவும் கர்ப்பிணியாக. இந்தக் குற்றத்துக்கு அங்கே மரண தண்டனை கறுப்பர்களுக்கு மட்டும்தான் என்பது உங்கள் வாதங்களில் ஒன்று. கோர்ட் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், ஊரில் ஒரு ஓட்டலும் உங்களுக்கு அறை தரவில்லை. ராத்திரி முழுக்க பஸ் நிலையத்தில் கழித்துவிட்டு, காலையில் போய் வாதாடினீர்கள். 1951 மே 8 அன்று மெக்கீயை மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உங்கள் கர்ப்பமும் நிலைக்கவில்லை.

கோர்ட்டில் நியாயம் கேட்டு அலுத்த வக்கீலுக்கு, சட்டம் எழுதும் இடத்துக்கே போய்விடலாம் என்று ஒருநாள் தோன்றாதா? இது என் ஊகம்தான். ஆனால் நீங்கள் அவசரப்படவில்லை. 1970இல் ஐம்பது வயதில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தீர்கள். 1971இல் பதவியேற்ற அன்றே, அந்த வருட ஜூலை 4க்குள் வியட்நாமிலிருந்து படைகளைத் திருப்பி அழைக்கச் சொல்லி மசோதா! சபைக்குள் தொப்பி கூடாது என்பது பழைய விதி. அதைக் கழற்றி வைத்தீர்கள், குரலை அல்ல.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1972இல் தொகுதி எல்லைகளை மாற்றி உங்கள் தொகுதியைக் கலைத்ததும், உங்கள் ஜனநாயகக் கட்சியின் இன்னொரு சபை உறுப்பினரான வில்லியம் ரையனை எதிர்த்து நின்றீர்கள். அவர் போருக்கு எதிராக உங்களுக்கு முன்பே பேசியவர். உட்கட்சித் தேர்தலில் தோற்றீர்கள், சில மாதத்தில் அவர் இறந்துபோனார். பிறகு கட்சி உங்களை நிறுத்தியபோது, எதிரே நின்றவர் அவர் மனைவி. ஜெயித்தீர்கள், சரி. வேறு தொகுதியே கிடைக்கவில்லையா அம்மா?

1974இல் ஓரினச் சேர்க்கையாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்க, சக நியூயார்க் உறுப்பினர் எட் கோச்சோடு சேர்ந்து நீங்கள் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. அன்றைக்கு அதைச் சொன்னதே பெரிய விஷயம். அதைவிட, அரசு அமைப்புகளின் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்ட, உங்கள் பங்கும் இருந்த 1976 சட்டத்தை யாரும் பேசுவதில்லை. அலுப்பான, குழு அறையில் வரிவரியாக உட்கார்ந்து செய்கிற வேலை. கத்துகிற பெண் என்று உங்களைக் கிண்டலடித்தவர்கள் இதைப் பார்க்கவே இல்லை.

அதே வருடம் மேல்சபையான செனட்டுக்குப் போக ஆசை. கையிலிருந்த இடத்தை விட்டுவிட்டு உட்கட்சித் தேர்தலில் நின்று, டேனியல் மொய்னிஹனிடம் சுமார் 10,000 ஓட்டில் தோற்றீர்கள். முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க்கும் களத்தில் இருந்து முற்போக்கு ஓட்டைப் பிரிக்க, உங்கள் ஆட்களே உங்களைக் கவிழ்த்த மாதிரி ஆயிற்று. மறுவருடம் நியூயார்க் மேயர் தேர்தல், அங்கும் தோல்வி. ஜெயித்தவர் அதே எட் கோச். அப்புறம் நீங்கள் சபைக்குத் திரும்பவே இல்லை.

உங்களைப் பார்த்திருந்தால் ஒன்று கேட்டிருப்பேன். ஜாக்சன் பஸ் நிலையத்தில் அந்த ராத்திரி தொப்பியைக் கழற்றி வைத்தீர்களா, போட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தீர்களா?

அன்புடன்,
உங்கள் வாசகி