இரண்டாம் பாதியை நான் எழுதப் போகிறேன்

உன் பெயரை இங்கே போடவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும், உனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

நாம் சேர்ந்து எழுதிப் பாதியில் விட்ட அந்த வேன் படக் கதையை நானே முடித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். நீ போனை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்கப் போவதில்லை. இது எல்லோரும் படிக்கிற இடம், தயாரிப்பாளருக்குக் கதை சொன்ன அன்று அந்த அறையில் இருந்தவர்களும் படிப்பார்கள். அதனால் பணத்தைப் பற்றியும், அதற்கு முந்தைய வாரம் நடந்ததைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை வராது. படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இடைவேளை வரைக்கும் நாம் எழுதியதை மறுபடி முழுசாகப் படித்தேன். பெரியவரும் சின்னவனும் முட்டிக்கொள்கிற எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒருவர் எதையும் ஒழுங்காக மடித்து வைப்பவர், இன்னொருவன் போட்டது போட்டபடி விடுபவன். ஒருவர் வாயைத் திறக்கமாட்டார், இன்னொருவன் மூடமாட்டான். இப்படி இரண்டு பேரை ஒரு வண்டிக்குள் ஏற்றிவிட்டால் சண்டை தானாக வரும். கை பழகிய யாரும் எழுதிவிடலாம். அந்தச் சண்டையை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஏன் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் நம்மிடம் பதில் இல்லை.

கயிறுதான் பதில் என்று நீ சொல்வாய். இருவரும் பிரிந்து போக முடியாதபடி ஒன்று கட்டிப் போட வேண்டும். 'அன்பே சிவம்' (2003) படத்தில் புவனேஸ்வர் மழை. விமானம் மட்டும் கிளம்பியிருந்தால் மாதவன் கமலை முதல் ரீலிலேயே மறந்திருப்பார். 'மிட்நைட் ரன்' (1988) படத்தில் கைவிலங்கு, நள்ளிரவுக் கெடு. நம் கதையில் இருவருக்கும் பாதிப் பாதி சொந்தமான அந்த வேன்.

சரி, கயிறு வேண்டும். ஆனால் கயிறு அவிழ்ந்த பிறகு இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் படம் நிற்கிறது. அதே 'மிட்நைட் ரன்'னில், தப்பி ஓடியவர்களைக் காசுக்குப் பிடித்துக்கொடுக்கிற ராபர்ட் டி நீரோ படாத பாடெல்லாம் பட்டு சார்லஸ் க்ரோடினைக் கெடு முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலீஸ் கொண்டுவந்து சேர்க்கிறார். ஒப்படைத்தால் பணம் கையில். அப்போது விட்டுவிடுகிறார். அத்தனை நேரம் பார்த்த கூச்சலுக்கும் துரத்தலுக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அர்த்தம் கிடைக்கிறது. நம் கதையில் இடைவேளையில் வேன் போய்விடுகிறது. அதற்கப்புறம் இந்த இருவரும் ஏன் சேர்ந்து நடக்க வேண்டும்? ஆளுக்கொரு திசையில் போகலாமே? இந்தக் கேள்வியில்தான் நாம் நின்றுபோனோம்.

எனக்கு வழி கிடைத்தது லாரல், ஹார்டி என்கிற அந்தப் பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடியிடம். நீளமான படிக்கட்டில் பியானோவை மேலே ஏற்றப் பாடுபடுகிற அந்தப் படம், 'தி மியூசிக் பாக்ஸ்' (1932). நகைச்சுவைக் குறும்படத்துக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்தபோது முதல் விருது வாங்கிய படம். நாம் எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனால் பியானோ உருண்டு கீழே போகிறதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். உருட்டி, விழுந்து, அடிபட்டு ஒரு வழியாக உச்சிக்கு வந்துவிடுகிறார்கள். அங்கே தபால்காரர் ஒருவர், சுற்றிக்கொண்டு வண்டியிலேயே வந்திருக்கலாமே, பாதை இருக்கிறதே என்கிறார். உடனே இருவரும் பியானோவை மறுபடி அத்தனை படியும் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தப் பாதையில் கொண்டுவருகிறார்கள். ஒருவர்கூட "எதுக்கு?" என்று கேட்பதில்லை. எப்போதும் மல்லுக்கு நிற்கிற இருவரும் இந்த ஒரு முட்டாள்தனத்தில் பேச்சே இல்லாமல் ஒத்துப்போகிறார்கள். நான் விழுந்து விழுந்து சிரிப்பது அங்கேதான். அவர்களை ஜோடி ஆக்குவதும் அந்த இடம்தான். வித்தியாசம் இருவரைச் சண்டை போட வைக்கும், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் பொதுவாக, இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளாத ஒன்று உள்ளே இருந்தால்தான் அவர்களைப் பிரிக்க முடியாது.

அதனால் இப்படி யோசித்திருக்கிறேன். போய்ச் சேருகிற இடத்தில் தனக்காக ஆள் காத்திருக்கிறது என்று பெரியவர் சொல்கிறார். சின்னவனும் அதையே சொல்கிறான். இரண்டுமே பொய். பார்க்கிறவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும், கடைசியில் போட்டு உடைக்கிற ரகசியமாக வைக்கக்கூடாது. வேன் போன பிறகு ஒருவர் பொய்யை இன்னொருவர் கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் சொல்லிக்காட்டவில்லை. சின்னவன் இல்லாத ஆளோடு போனில் பேசுகிறான், பெரியவர் "நான் விசாரிச்சதாச் சொல்லு" என்கிறார். இரண்டாம் பாதி முழுக்க இதில் ஓடும். சண்டை குறையாது, இன்னும் சத்தமாகப் போடுவார்கள். ஆனால் ஒவ்வொரு சண்டையும் மற்றவனின் பொய்யைக் காப்பாற்றுவதற்கு.

இதைக் கேட்டால் நீ சிரித்திருப்பாய். சிரித்துவிட்டு, "யார் முகத்துல முடியுது சீன்?" என்று கேட்டிருப்பாய்.

அதை நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், அதை மறுக்கமாட்டேன். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிற காட்சியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு, நாகேஷைப் பார்க்காதே, பாலையாவை மட்டும் பார் என்றாய். வசனம் ஒன்றுகூடக் கேட்காமல் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. சொல்கிறவன் ஜோக்கைப் போடுகிறான், ஆனால் அது ஜோக்காக ஆவது கேட்கிறவன் முகத்தில். கவுண்டமணியின் கோபம் எடுபடுவதற்கே செந்தில் தான் சொன்னதைத் துளி சந்தேகம் இல்லாமல் நம்புவதுதான் காரணம் என்றாய். அப்புறம் 1987ல் வந்த 'பிளேன்ஸ், டிரெய்ன்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்'. ஹோட்டல் அறையில் ஸ்டீவ் மார்ட்டின், வழியில் வந்து ஒட்டிக்கொண்ட ஜான் கேண்டியிடம் பொரிந்து தள்ளுகிறார், நாம் சிரிக்கிறோம், நடுநடுவே கேண்டியின் முகம் வருகிறது. எந்த வரியில் சிரிப்பை நிறுத்தினோம் என்று நமக்கே தெரியவில்லை. அதே முகம்தான் சிரிக்கவும் வைத்தது, நிறுத்தவும் வைத்தது. உன்னளவுக்கு ஒரு காட்சியைப் பார்க்கத் தெரிந்தவர்களை நான் சந்திக்கவில்லை.

அன்று கதை சொல்லப் போனபோது நீ பெரியவர், நான் சின்னவன். இடைவேளை வரை எல்லாம் சரியாகப் போனது. வேன் போகிறது. சந்தியில் இருவரும் நிற்கிறார்கள். நீ சொல்ல வேண்டிய வரி காகிதத்தில் இருந்தது. நீ சொல்லவில்லை. கதை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். பெரியவராகப் பார்க்கிறாயா, நீயாகப் பார்க்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. தயாரிப்பாளர் தலையைக் குனிந்து போனை எடுத்தார். அவர் கையைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், வாயில் வந்தது:

"இவ்வளவு நேரம் வழி சொல்லி வழி சொல்லி உயிரை எடுத்தீங்களே, இப்ப என்ன வாய்க்குள்ள?"

அறையே சிரித்தது. அவர் போனைக் கீழே வைத்தார். நீ ஃபைலை மூடினாய்.

உன் மௌனத்தை நான் உடைத்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாய். அதில் உனக்கு வலித்தது என்றால் மன்னித்துவிடு, உண்மையாகவே கேட்கிறேன். நீ எழுதியிருந்த எதையும்விட அந்த மௌனம் நன்றாக இருந்தது. ஆனால் பேசாமல் இருக்கப் போகிறேன் என்று படியேறும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நீ மௌனமாக இருந்தாய், நான் கேட்கிறவன். கேட்கிறவன் முகத்தில்தான் சீன் முடியும் என்றால் அன்று முடிக்க வேண்டியவன் நான். சின்னவனுக்கு அழத் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது அந்த வரிதான். அதைக் கைதட்டலுக்காகப் போட்டதாக நீ சொல்லிக்கொண்டு திரிகிறாய். எனக்கு அது ஆறவில்லை. கேட்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்த நீ, அதன் பிறகு நான் சொன்ன ஒன்றையும் கேட்கவில்லை.

நம் இரண்டு பேர் நட்பே அந்த மாதிரி ஜோடிப் படம்தான் என்று சிலர் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. படத்தில் மழையோ விலங்கோ இருவரையும் பிடித்து வைக்கும். நம்மை எதுவும் பிடித்து வைக்கவில்லை. நாமாக வந்து உட்கார்ந்து எழுதினோம். நீயாக எழுந்து போனாய்.

1957ல் ஹார்டி இறந்த பிறகு லாரல் நடிக்கவே இல்லை, அதுதான் நட்பு என்று நீ அடிக்கடி சொல்வாய். அதில் நீ சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. 1965ல் தான் இறக்கும் வரை இருவருக்குமான காட்சிகளை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எதிரே ஆள் இல்லாமலும் இருவருக்குமாக எழுதலாம். நான் செய்யப் போவது அவ்வளவுதான்.

டைட்டில் கார்டில் இரண்டு பேர் பெயரும் வரும், பேசி வைத்தபடி உன் பெயர் முதலில். அதற்கான தாளில் உன் கையெழுத்து வேண்டும், உன் பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதி முடித்ததும் பிரதியும் வரும். சந்தியில் பெரியவர் பேசமாட்டார், நீ செய்த மாதிரியே. நீ எவ்வளவு நேரம் பார்த்தாயோ அவ்வளவு நேரம் கேமரா அவரிடம் இருக்கும். அதற்கப்புறம் சின்னவன் பேசுவான். எங்கே வேண்டுமானாலும் திருத்தம் சொல், அந்த வரியை மட்டும் எடுக்கச் சொல்லாதே.