எங்கள் வெயிலுக்கு ஒரு சட்டை: மின் ஸ்கூட்டர் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றை எங்கள் ஊர்களில் விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்கப்போவது பெரிய விஷயம் இல்லை. உங்கள் வண்டியில் போகிறவர்கள் திருநெல்வேலி வெயிலில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய, எடை குறைந்த, காற்றோட்டமான ஒரு பாதுகாப்பு மேல்சட்டையும் ஒரு ஜோடி கையுறையும் வேண்டும். வண்டி வாங்குகிற அதே கடையில், வண்டி வாங்குகிற ஆளால் கொடுக்க முடிகிற விலையில் வேண்டும். போன வாரம் நாங்கள் வண்டி வாங்கிய கடைக்கே போய் இதைக் கேட்டோம். சீட் கவர் இருக்கிறது, கால்மிதி இருக்கிறது, போன் மாட்டுகிற ஸ்டாண்டு இருக்கிறது, வண்டியைப் போர்த்தி வைக்க உறைகூட இருக்கிறது. ஓட்டுகிற ஆளுக்குத்தான் ஒன்றும் இல்லை. "நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் யாரு போடுவாக்கா?" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அதனால்தான் இந்த மடல்.

கேட்டது என் மதினி. முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார். 250 வாட்டுக்கு மேல் போகாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம், அதனால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம் என்று நீங்கள் விற்கிறீர்களே, அந்த வகை வண்டிதான் அவரிடம் இருப்பது. சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வர பஸ்ஸுக்கு நின்றால் அரை நாள் போய்விடும். வண்டி வந்த பிறகு அந்த அரை நாள் அவர் கையில் நின்றது. வண்டியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, அது எங்கள் வீட்டுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறது.

கல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று வளைவில் ஜல்லியைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. வேகம் இருபதுகூட இருந்திருக்காது, முன்சக்கரம் வழுக்கி மதினி சரிந்துவிட்டார். அண்ணன் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்ட ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை, எலும்பும் முறியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் விழுகிற எவரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றுவிட்டது. முழங்கையில் தார் ரோட்டின் பொடிக்கற்கள் சதைக்குள் ஏறி இருந்தன, நர்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார்.

பீடி சுற்றுகிறவருக்கு உள்ளங்கை போவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, சொல்கிறேன். இலையை நனைத்து, கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து, விரலும் கையும் சேர்ந்து உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றவில்லை என்றால் கூலி இல்லை. புண் பாதி ஆறும் முன்பே மதினி தட்டை மடியில் எடுத்து வைத்துவிட்டார். புகையிலைத் தூள் கட்டுத் துணிக்குள் இறங்கி, பச்சைப் புண்ணில் பட்டு, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைக் கீழே வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறுநாள் கட்டு மாற்றும்போது நர்சிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "என்னைக்கும்மா தூள் வாங்கப் போவலாம்?" ஒரு ஜோடி கையுறை, உள்ளங்கையில் கொஞ்சம் தடித்த பட்டை வைத்தது, அவ்வளவு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வெயிலுக்கு யார் போடுவார்கள் என்று கேட்கிறீர்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களை ஒருமுறை வந்து பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி அடிக்கிற நாளிலும் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அந்த வெயிலில் வெறும் கைதான் எரியும், துணி போட்ட கை எரியாது. மதினியும் அன்றைக்கு அண்ணனின் பழைய சட்டையைத்தான் போட்டிருந்தார். வெறும் பருத்தி, ரோட்டில் தேய்ந்ததும் முழங்கைப் பக்கம் கிழிந்து தொங்கிவிட்டது. ஆக, போட மாட்டார்கள் என்பது பொய். போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சட்டைக்குள் காப்பாற்றுகிற பொருள் எதுவும் இல்லை என்பதுதான் குறை.

அந்தப் பொருள் உலகத்தில் இல்லாதது ஒன்றும் இல்லை. உடம்புப் பக்கம் காற்றை விடுகிற நைலான் வலைத்துணி, கீழே விழுந்தால் தேய்கிற தோளிலும் முழங்கையிலும் மட்டும் கெவ்லார் போல எளிதில் தேயாத துணி, அதற்குள் சாதாரண நேரத்தில் மெத்தென்று வளைந்து கொடுத்து அடிபடும் நொடியில் இறுகிக்கொள்கிற நுரைப் பட்டை. இவை எல்லாம் பல வருஷமாகக் கடையில் விற்கிறவை. ஐரோப்பாவில் ஈஎன் 17092 என்று வண்டி ஓட்டுபவர்களின் உடைக்கு ஒரு தரம் இருக்கிறது, அதில் பந்தய உடைக்கு நிகரான கனத்த வகையிலிருந்து, ஊருக்குள் மெதுவாக, வெக்கையில் ஓட்டுகிறவர்களுக்கான மெல்லிய வகை வரை தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மோட்டோகேப் என்ற திட்டம் 2018 முதல் நடக்கிறது. கடையில் விற்கும் ஜாக்கெட்டை வாங்கிச் சோதித்து, எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு ஒரு மதிப்பெண், வெக்கையில் போட எவ்வளவு தோதாக இருக்கும் என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண். வெயில் நாட்டுக்காரர்கள் யோசித்தால் இப்படித்தான் யோசிப்பார்கள். இங்கே நான் தேடிப் பார்த்தவரை, நம்பி வாங்கலாம் போல இருக்கிற ஜாக்கெட் எல்லாம் பல ஆயிரம் ரூபாய், முக்கால்வாசி கறுப்பு நிறம், மலைப் பயணம் போகிற பெரிய பைக் ஓட்டுகிறவர்களுக்கு அளவெடுத்தது. விலை குறைந்ததில் முழங்கைப் பட்டை என்று வைத்திருப்பது விரலால் அழுத்தினால் மறுபக்கம் தொடுகிற ஸ்பாஞ்சு. சேலை கட்டினவர் முந்தானையை உள்ளே அடக்கிப் போட்டுக்கொள்ளும்படி ஒன்றுகூட இல்லை.

25 கிலோமீட்டர் வேகத்துக்கு எதற்கு இதெல்லாம் என்று நீங்கள் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் மோதுவது சுமார் எட்டு அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பதிவு செய்த வண்டியில் 45-ல் போனால் 26 அடி. எட்டு அடி மதிலில் இருந்து வெறுங்கையோடு கீழே குதிக்க யாரையும் சொல்வீர்களா? ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்று எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா, எடை குறைந்த வண்டியை அது ரோட்டின் ஓரம்வரை தள்ளும்.

ஹெல்மெட்டுக்கும் ஒரு காலத்தில் வெயிலைத்தான் காரணம் சொன்னார்கள். நம் நாட்டு வெயிலுக்குத் தகுந்த எடை குறைந்த ஹெல்மெட் வேண்டும் என்று நிபுணர் குழு 2018-ல் பரிந்துரைத்தது, 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று ஆனது. மோட்டார் வாகன விதி 138, இருசக்கர வண்டி வாங்குகிறவருக்குத் தயாரிப்பாளர் ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. மதினியின் வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை என்பதால் அந்த விதியும் அவருக்குக் கிடையாது, கடையில் ஒரு ஹெல்மெட்கூடக் கொடுக்கவில்லை. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை வண்டியில் கூட்டிப்போகும்போது கட்டுகிற பட்டை எடை குறைவாக, தண்ணீர் புகாததாக, 30 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி எழுதியிருக்கிறது. குழந்தைக்கு இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிகிறபோது அந்தக் குழந்தையைக் கூட்டிப்போகிற அம்மாவின் கைக்கு ஒரு வரி எழுத முடியாதா?

சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. சிந்துகிற ஜல்லிக்குத் தார்ப்பாய் போடாத லாரிகள், தோண்டிவிட்டு மண்ணைக் குவித்தபடி விட்டுப்போகிற தெருக்கள், வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே உச்சி வெயிலில் அரைக்கை பனியனோடு சாப்பாடு கொண்டு ஓடுகிற பிள்ளைகள். உங்கள் விளம்பரங்களில் வருகிற பெண்கள் கையில்லாத சட்டையில் கூந்தல் பறக்கச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். பேட்டரி தீப்பிடிக்காது, மழையில் நனையலாம், இத்தனை வருஷம் உத்தரவாதம் என்று எல்லாம் சொல்கிறீர்கள். ஓட்டுகிற ஆள் கீழே விழுந்தால் என்ன என்று ஒரு விளம்பரமும் சொல்லிப் பார்த்ததில்லை. எனக்கு இதில் கோபம்தான். பீடி சுற்றிச் சேர்த்த பணத்தை உங்கள் கையில் கொடுத்துத்தான் அந்த வண்டியை வாங்கினார்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின் வண்டிக்குப் பெரிய பெரிய தொழிற்சாலைகள் நிற்கின்றன. உலகத்துக்கே விளையாட்டுப் பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூர் அங்கிருந்து வெகு தூரம் இல்லை. நீங்கள் கூப்பிட்டுப் பேசினால் முடியாத வேலை இல்லை. வெளிர் நிறத்தில், முன்பக்கம் திறந்து மாட்டுகிற முழுக்கை மேல்சட்டை. தோளிலும் முழங்கையிலும் சோதித்துத் தேறிய பட்டை, கழற்றிவிட்டுத் துணியைத் துவைக்கிற மாதிரி. சேலைக்கும் சுடிதாருக்கும் மேல் போடுகிற அளவுகள். உள்ளங்கையில் பட்டை வைத்த மெல்லிய கையுறை. பதிவு வேண்டாத சின்ன வண்டி வாங்குகிறவருக்கும் ஹெல்மெட்டோடு சேர்த்து இதைக் கொடுங்கள். விலையில் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், மாதத் தவணையில் கொஞ்சம் கூடினாலும் கொடுப்போம். அதற்கொரு தரம் வகுத்து முத்திரை தரச் சொல்லி அரசிடம் நீங்களே போய்க் கேளுங்கள். எங்களைப் போல ஆட்கள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

மதினிக்குக் கை ஆறிவிட்டது, மறுபடியும் வண்டியில்தான் கடைக்குப் போய் வருகிறார், அதே முழுக்கைச் சட்டையோடு, கிழிந்த இடத்தைத் தைத்துப் போட்டுக்கொண்டு. அடுத்த சித்திரைக்குள் உங்கள் கடைகளில் இந்த மேல்சட்டையும் கையுறையும் தொங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் சொல்லி அனுப்புங்கள், முதல் ஆளாக வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாப்பாக்குடி வட்டாரத்திலிருந்து ஒரு மின் ஸ்கூட்டர் வீட்டுக்காரன்